திறந்தவெளியில் விலை குறைந்த சுருட்டு: குறை இலையிலா, காற்றிலா?

காற்றாடி எழுதியது:

சுருட்டை வீட்டுக்குள் பற்றவைப்பதில்லை என்பது என் வழக்கம். ஆகவே அதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் திறந்தவெளியில் அறிந்ததே. இப்போது கையில் இருப்பது விலை குறைந்த வகை. பெட்டியும் பெயர்ப்பட்டையும் கிடையா. ஒவ்வொரு சுருட்டும் செல்லோபேன் உறையில் இருக்க, மொத்தமாக ஒரு கட்டாகக் கட்டி விற்கிறார்கள். நீளம் ஏறத்தாழ ஐந்து அங்குலம், பருமன் கட்டைவிரல் அளவு. மேல் இலையில் அங்கங்கே நரம்பு புடைத்திருக்கிறது. பற்றவைக்கும் முன் மோந்து பார்த்தால் காய்ந்த புல்லின் வாசமும் லேசான மண்வாடையும் தெரிகின்றன.

முதல் மூன்றில் ஒரு பங்கு குறை சொல்லும்படி இல்லை. மரத்தூள் வாசத்தோடு ஒரு வறண்ட சுவை, காட்டம் குறைவு, புகை தாராளம். காற்று எழுந்த பிறகுதான் எல்லாம் மாறியது. காற்று வந்த பக்கம் கங்கு வேகமாக இறங்கி, மறுபக்கம் பற்றாமலேயே நின்றது. சிறிது நேரத்தில் புகை உதட்டைச் சுடும் அளவுக்குச் சூடேறி, தொண்டையில் கமறலும் நாக்கில் கசப்பும் நிலைத்துவிட்டன. அதே கட்டிலிருந்து எடுத்த இன்னொன்றை, சுவர் மறைத்த ஓர் ஒதுக்கமான மூலையில் உட்கார்ந்து புகைத்தபோது கசப்பு கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டியது.

என் கேள்வி இதுதான்: விலை குறைந்த சுருட்டின் குணமென்று நாம் திட்டுவதில் எவ்வளவு இலையைச் சேர்ந்தது, எவ்வளவு காற்றைச் சேர்ந்தது? வெளியில் மட்டுமே புகைப்பவர் விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதில் பொருள் உண்டா?


பழுப்பிலை எழுதியது:

உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு இலைப் பக்கத்திலிருந்து விடை சொல்கிறேன். காற்றைப் பற்றிச் சொல்ல இங்கே வேறு நண்பர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் சுருட்டுக்கும் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தெரியும் மேல் இலை, அதற்குள் சுருளை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, நடுவில் அடைக்கப்பட்டிருக்கும் உள் இலை. விலையைப் பெரிதும் தீர்மானிப்பது மேல் இலை. கிழியாமல், புள்ளி விழாமல், நரம்பு தடிக்காமல், ஒரே நிறத்தில் ஓர் இலையை வளர்த்து எடுப்பது அவ்வளவு கடினம். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900இல் இதற்காகவே வயல்களின் மேல் துணிப் பந்தலிட்டு, நிழலில் மெல்லிய இலைகளை வளர்க்கத் தொடங்கினார்கள். உங்கள் சுருட்டில் நரம்பு புடைத்திருப்பது கண்ணுக்குக் குறையே தவிர, எரிவதற்குப் பெரிய தடையன்று.

எரிவதைத் தீர்மானிப்பது உள் இலை. விலை கூடிய சுருட்டில் முழு நீளத்துக்கும் மடித்து அடுக்கிய நீள இலைகள் இருக்கும். மடிப்புகளுக்கு இடையே காற்று போக வழி இருப்பதால் அது நிதானமாக எரியும். விலை குறைந்ததில் பெரும்பாலும் நறுக்கிய துண்டுகள்தான். நீள இலைச் சுருட்டைச் செய்யும்போது வெட்டி ஒதுக்கப்பட்டவையும் அவற்றில் சேரும். துண்டுகளுக்கு வெளிப்பரப்பு அதிகம் என்பதால் அவை விரைவாகப் பற்றி, சூடாக எரியும். ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் விழுந்திருந்தால் கங்கு தளர்ந்த பக்கமாகவே ஓடும். இழுக்கும்போது வாயில் தூள் வருவதும் இதனால்தான். இவ்விரண்டையும் கலந்து, வெளிப்புறம் நீள இலையும் நடுவில் துண்டுகளுமாக அடைத்த இடைப்பட்ட வகையும் உண்டு.

இயந்திரத்தில் செய்யப்படும் மிக மலிவான வகைகளில் கட்டு இலை முழு இலையாகவே இராது. புகையிலைத் தூளையும் காம்பையும் நாரையும் அரைத்து, பசை சேர்த்து, காகிதம்போல் தாளாக வார்த்து வெட்டியது அது. 1950களிலிருந்து இம்முறை பரவியது. அந்தத் தாள் எரியும்போது ஒரு காகித நெடி வரும். எவ்வளவு மெதுவாகப் புகைத்தாலும் அது போகாது. நீங்கள் சொன்ன வறண்ட சுவையில் காகித நெடி இல்லையென்றால், உங்கள் கையில் இருப்பது முழுப் புகையிலைச் சுருட்டு என்றே கருதலாம். உறுதிசெய்ய வேண்டுமானால் ஒன்றை நீளவாக்கில் கீறிப் பிரித்துப் பாருங்கள். ஒரு சுருட்டு வீணாகும், ஆனால் அந்தக் கட்டில் மீதமுள்ளவற்றைப் பற்றி ஐயமே இராது.


ஒன்றேபோதும் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விலை குறைந்ததைப் பத்து வாங்குவதற்குப் பதிலாக நல்லதாக ஒன்று வாங்குங்கள். காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் புகையுங்கள். துண்டு அடைத்த சுருட்டு காற்றில் கசக்கிறது என்றால் அது காற்றின் குற்றமாகாது. நீள இலையால் கையால் சுற்றிய சுருட்டு அதே காற்றில் அவ்வளவு கெடுவதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். மட்டமான பொருளை எப்படிப் பக்குவமாகப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ளும் நேரத்தில், மட்டமில்லாத பொருளைத் தேடிக்கொள்ளலாம்.


மெல்லிழுப்பு எழுதியது:

ஒன்றேபோதும் சொல்வதில் ஒரு பாதி சரி: நீள இலைச் சுருட்டு காற்றைச் சற்று அதிகம் தாங்கும். ஆனால் காற்று வீசும் இடத்தில் அதன் சிறப்பில் பெரும்பகுதி உங்களை வந்தடைவதே இல்லை. சுருட்டின் சுவை என்று நாம் சொல்வதில் நாக்குக்குத் தெரிவது இனிப்பும் கசப்பும் உவர்ப்பும் புளிப்பும்போல ஒரு சிலவே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அடைந்த அறையில் புகை சுற்றிலும் தங்கி நிற்பதால் ஒவ்வொரு மூச்சிலும் வாசம் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெளியில் அது எழுந்த கணமே கலைந்துவிடுகிறது. மெல்லிய நுணுக்கங்களுக்காகக் கூடுதல் விலை கொடுத்த சுருட்டை அங்கே பற்றவைப்பவர், தான் பணம் கொடுத்த பொருளைக் காற்றுக்குத் தானம் செய்கிறார். அந்த வகையில் வெளிக்கு எளிய சுருட்டே பொருத்தம் என்பது என் கருத்து. அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி காற்றாடி கேட்டதற்கு வருகிறேன். கங்கு என்பது உயிர்வாயுவுக்காகக் காத்திருக்கும் நெருப்பு. நீங்கள் இழுக்கும்போது அதற்குக் காற்று கிடைக்கிறது, சூடு ஏறுகிறது. நீங்கள் நிறுத்தியதும் தணிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் புகையின் குணம் இருக்கிறது. காற்று வீசும்போது தணியும் இடைவேளையே இல்லாமல் போகிறது. நீங்கள் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் உங்கள் சார்பில் காற்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேல் நீங்களும் வழக்கம்போல் இழுத்தால் கங்கு அளவுக்கு மீறிச் சூடேறும், பின்னாலுள்ள இலை எரிவதற்கு முன்பே வெந்து கருகும், அதிலிருந்து கசியும் பிசின் வாயில் வைக்கும் நுனிப் பக்கம் வந்து சேரும். நாக்கில் நிற்கும் கசப்பு இதுதான். துண்டு அடைத்த சுருட்டில் இது விரைவில் நிகழும், நீள இலையில் சற்றுத் தாமதமாக நிகழும், வேறுபாடு அவ்வளவே.

ஆகவே அமைதியான இடத்தில் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கை வெளியில் அப்படியே பின்பற்றக் கூடாது. காற்று இருந்தால் இடைவெளியை நீட்டுங்கள். இழுப்பும் குறுகியதாக இருக்கட்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், இழுக்காத நேரத்தில் சுருட்டை உடம்பின் மறைவில் வைத்திருங்கள். சிலர் உள்ளங்கையைக் குவித்துக் கங்கை மறைப்பதுண்டு, கை பொறுக்குமானால் அதுவும் நல்ல வழியே. ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கினால், பின்தங்கிய பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்து அதனிடமே வேலை வாங்கலாம். எதிரி என்று நாம் நினைக்கும் காற்றைப் பயன்படுத்த இது ஒன்றுதான் வழி.

பற்றவைப்பதில் காட்டும் அவசரமும் பின்னால் தொல்லையாகும். வெளியில் தீக்குச்சி நிற்காது. நின்றாலும் அதன் தலையிலுள்ள மருந்து எரிந்து தீரும்வரை காத்திருப்பதற்குள் குச்சி முடிந்துவிடும். பெட்ரோல் லைட்டரின் நெடி முதல் பல இழுப்புகளுக்குத் தொடரும். பியூட்டேன் வாயுவில் இயங்கும், ஊதுசுடர் வகை லைட்டரே காற்றுக்கு ஏற்றது. ஆனால் அதன் சுடர் மிகக் கடுமையானது. சுடரின் நுனி சுருட்டைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டிக்கொண்டே அடிவட்டம் முழுவதும் கனியும்வரை வாட்டிவிட்டு, அதன் பிறகு முதல் இழுப்பை இழுங்கள். ஓரம் சரிவரப் பற்றாமல் தொடங்கிய சுருட்டைக் காற்றில் நேராக்குவது மிகக் கடினம்.


காற்றாடி எழுதியது:

நன்றி. பழுப்பிலை சொன்னபடி ஒன்றைக் கீறிப் பார்த்தேன். வெளிவட்டத்தில் நீள இலை இரண்டு மூன்று, நடுவில் நறுக்கிய துண்டுகள். கட்டு இலையில் நரம்பு தெளிவாகத் தெரிகிறது, ஆகவே அது தாளன்று.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. மெதுவாக இழுத்தால் கங்கு அணைந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே அடிக்கடி இழுத்துவிடுகிறேன். இதை எப்படிக் கையாள்வது? இரண்டாவது, காட்டம் குறைவு என்று நினைத்த அதே சுருட்டு முடியும் தறுவாயில் லேசான கிறுகிறுப்பும் வயிற்றைப் புரட்டும் உணர்வும் வந்தன. புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயளவில் வைத்து வெளியே விட்டுவிடுகிறேன். அப்படியிருந்தும் ஏன்?


வெண்சுவர் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். சுருட்டைப் பற்றிப் பேசும் இடங்களில் இது பெரும்பாலும் அரைகுறையாகவே சொல்லப்படுகிறது.

சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள நிகோட்டின் நுரையீரலுக்குப் போனால்தான் பெருமளவில் இரத்தத்தில் கலக்கும். சுருட்டின் புகை பொதுவாகக் காரத்தன்மை உடையது. அதில் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ஏறிவிடும். ஆகவே நீங்கள் புகையை உள்ளிழுக்கவில்லை என்பதால் நிகோட்டின் உங்களை எட்டவில்லை என்று பொருளாகாது. வேகமாக இழுக்க இழுக்க, சுருட்டு சிறுத்து நுனியை நெருங்க நெருங்க, அது கூடுகிறது. வெறும் வயிற்றில் இன்னும் விரைவாகத் தெரியும். கிறுகிறுப்பும் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் நிகோட்டின் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். உடனே சுருட்டை வைத்துவிட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டா. திறந்தவெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு: புகை கண்ணுக்கும் மூக்குக்கும் உறைக்காததால், எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்ற உணர்வே மழுங்கிவிடுகிறது.

அளவையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998இல் சுருட்டுக்கென்றே தனியாக ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகச் சுருட்டும் காரணமாகிறது என்பது அதில் விளக்கமாக உள்ளது. உள்ளிழுக்காதவர்களுக்கும் வாயிலும் உணவுக்குழாயிலும் அந்த இடர் உண்டு. எப்போதாவது புகைப்பவருக்கு இடர் குறைவு, நாள்தோறும் புகைப்பவருக்கு மிகுதி. ஆனால் தீங்கே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது. விலை உயர்ந்த இலைக்கும் விலை குறைந்த இலைக்கும் இதில் எந்த வேறுபாடும் இல்லை. வெளியில் இருந்தாலும், காற்று போகும் திசையில் யாராவது இருந்தால் உங்கள் புகை அவர்களைச் சேரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஒன்றேபோதும் எழுதியது:

வெண்சுவர் எழுதியது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. தீங்கு என்று தெரிந்தே எப்போதாவது ஒன்று புகைப்பவர், அந்த ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று ஏன் நினைக்கக் கூடாது? மலிவான கட்டு வாங்கினால் தீரும்வரை கை அதன் பக்கமே போகும். மெல்லிழுப்பு சொன்ன வாசக் கணக்கை ஏற்கிறேன்; ஆயினும் பெட்டியும் பட்டையும் இல்லாமல் கட்டாக விற்பவர்கள் எதை அதற்குள் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?


பழுப்பிலை எழுதியது:

உத்தரவாதம் இல்லை என்பது உண்மை. ஆனால் கட்டாக வரும் சுருட்டெல்லாம் ஒரே பிறவியன்று. நிகராகுவாவின் எஸ்டெலி, ஒண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களிலுள்ள தொழிற்கூடங்களில், சுற்றி முடித்த சுருட்டுகளை மேசையில் பரப்பி நிறவாரியாகப் பிரிப்பார்கள். ஒரு பெட்டியைத் திறந்தால் எல்லாமே ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். அந்த வரிசையில் ஒத்துவராதவை, மேல் இலையில் புள்ளி விழுந்தவை, நரம்பு தடித்தவை ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிப் பெயர் போடாமல் கட்டாக விற்பதுண்டு. இவற்றில் உள்ளே இருப்பது பெட்டிக்குப் போனதன் அதே இலைதான். இன்னொரு வகை, விலை குறைத்து விற்பதற்காகவே தொடக்கத்திலிருந்து கலப்பு இலையால் செய்யப்படுவது. காற்றாடி கீறிப் பார்த்தது இந்த இரண்டாம் வகை. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கொடுத்த விலைக்கு உரிய பொருள்.

மலிவான நல்ல சுருட்டு என்ற ஏக்கம் புதிதும் அன்று. 1913 முதல் 1921 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் மார்ஷல், இந்த நாட்டுக்குத் தேவை நல்ல ஐந்து சென்ட் சுருட்டு ஒன்றுதான் என்று சொன்னதாக ஒரு வாசகம் பெயர்பெற்றது. அவருக்கு முன்பே அது புழங்கியது என்பாரும் உண்டு. 1920களில் சுருட்டு சுற்றும் இயந்திரங்கள் அங்கே பரவி அந்த விலையில் சுருட்டு தாராளமாகக் கிடைத்தது. அது நல்லதா என்பதுதான் இன்று நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பது.

துண்டு இலை என்றாலே மட்டம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நெதர்லாந்து நாட்டுப் பாணிச் சுருட்டுகளில் நறுக்கிய இலையை வேண்டுமென்றே கலந்து அடைப்பார்கள். சீராக நறுக்கி, சீராகக் கலந்து, சீராக அடைத்தால் துண்டு இலையும் நேராகவே எரியும். எதை நறுக்கினார்கள், எப்படி அடைத்தார்கள் என்பதில்தான் தரம் பிரிகிறது. வாங்கும்போது சுருட்டின் நீளம் முழுவதையும் இரு விரல்களுக்கு நடுவே மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் கல்போலவும் அடுத்த இடத்தில் பஞ்சுபோலவும் இருந்தால் அதை வைத்துவிடுங்கள். அப்படிப்பட்டது காற்றில்லாத அறையிலும் கோணலாகவே எரியும்.


ஈரமானி எழுதியது:

இதுவரை யாரும் ஈரத்தைத் தொடவில்லை. இலைக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது காரணி அது.

கரீபியப் பாணியில் செய்யப்பட்ட சுருட்டு ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கப்பட வேண்டும். காய்ந்துபோனால் வேகமாகவும் சூடாகவும் எரியும், மேல் இலை விரிசல் விடும். ஈரம் மிகுந்தால் புகை வர மறுக்கும், அடிக்கடி அணையும். உங்கள் கட்டைத் திறந்துவைத்தபடி பல நாள் விட்டிருந்தால், காற்றில் பாதிக் கசப்பு வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். செல்லோபேன் உறை முழுப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது மரக்கூழிலிருந்து செய்யப்படுவது, ஈரத்தை மெல்ல உள்ளும் வெளியும் விடும். இறுக மூடும் ஒரு பெட்டியும் ஈரத்தைச் சமன்செய்யும் சிறு பொட்டலம் ஒன்றும் போதும். விலை குறைந்த சுருட்டுக்கு விலை உயர்ந்த மரப்பேழை வாங்குவது வேடிக்கையாக இருக்கும்.

வெளியே எடுத்துப் போனபின் வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் மேல் இலையும் உள்ளிருப்பதும் ஒரே அளவில் விரியாததால் தையல் போட்ட இடம் பிரிவதுபோல இலையின் ஓரம் விட்டுக்கொள்ளும். வறண்ட குளிர்காற்றிலும் மேல் இலை வெடிக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஈரம் தேவைப்படாத, உலர் வகைச் சுருட்டுகள் உள்ளன. மேலே சொன்ன நெதர்லாந்து வகை அத்தகையது. இத்தாலியின் தொஸ்கானோ இன்னொன்று: புகையூட்டி உலர்த்திய கென்டக்கி வகைப் புகையிலையால் செய்து, இரு முனையும் குறுகி, கரடுமுரடாக இருக்கும். 1815இல் பிளாரன்ஸ் நகரில் மழையில் நனைந்துபோன புகையிலையை வீணாக்க மனமில்லாமல் மலிவுச் சுருட்டாகச் சுற்றியதில் பிறந்தது என்று அதற்கொரு கதை சொல்வார்கள். இரண்டாக வெட்டிப் பாதியைப் புகைப்பது அங்கே வழக்கம். காட்டம் மிகுதி, வாசம் முரடு. காற்று அதில் எவ்வளவு கொண்டுபோனாலும் மீதம் இருக்கும். திறந்தவெளிக்கு எளிய சுருட்டு என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் கிறுகிறுப்பு வந்ததாகச் சொன்ன காற்றாடிக்கு இப்போது பரிந்துரைக்க மாட்டேன்.


காற்றாடி எழுதியது:

கட்டு இதுவரை மேசை மேல்தான் இருந்தது. ஈரமானி சொன்னபடி மூடியுள்ள பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பெட்டியில் கிடந்தவற்றில் ஒன்றை மிதமான காற்றில், முதுகை மறைவாக வைத்து, இடைவெளி விட்டுப் புகைத்ததில் கங்கு பெருமளவு நேராகவே இறங்கியது. சுவை உயர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்; மரத்தூள் மரத்தூளாகவே இருந்தது. கசப்பும் உதட்டுச் சூடும் மட்டும் இல்லை. கூர்மையான ஒரு நெடி நடுவில் வந்து போயிற்று, அமோனியாவோடு ஒப்பிடக்கூடியது. ஒன்றேபோதும் வியப்படையலாம், எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது.

அணைவது பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. நடுவில் அணைந்ததை மீண்டும் பற்றவைத்தபோது முதல் சில இழுப்புகள் மிக மோசமாக இருந்தன. எங்கே நிறுத்துவது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.


பழுப்பிலை எழுதியது:

அந்த நெடி இலை இன்னும் முழுதாகப் புளிக்கவில்லை என்பதன் அடையாளம். புகையிலையைக் குவியலாக அடுக்கி அதன் சூட்டிலேயே புளிக்க வைக்கும்போது அமோனியா வெளியேறும். விலை குறைந்த சரக்கில் அந்தக் காலத்தைக் குறைத்துவிடுவார்கள். பெட்டியில் சில மாதங்கள் கிடந்தால் ஓரளவு தணியும். அவசரப்படாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது என்று கொள்ளுங்கள்.


மெல்லிழுப்பு எழுதியது:

அணைந்தால் அணையட்டும். அணைவதைக் குற்றமாக நினைத்து ஓயாமல் இழுப்பதுதான் சுருட்டைக் கெடுக்கிறது. சிகரெட் தாளில் எரிவதற்கு உதவும் பொருள்கள் உண்டு, முழு இலைச் சுருட்டில் அவை இல்லாததால் அது அணைவது இயல்பே. மீண்டும் பற்றவைக்கும் முன் சாம்பலைத் தட்டிவிட்டு, சுருட்டின் வழியே வெளிப்பக்கமாக மெல்ல ஒருமுறை ஊதுங்கள். உள்ளே தேங்கிக் குளிர்ந்த புகை வெளியேறிவிடும். உங்களுக்கு மோசமாகப் பட்டது அதுவே. பிறகு முதன்முறை போலவே அடிவட்டத்தை வாட்டித் தொடங்குங்கள். சற்று நேரத்துக்குள் செய்தால் பெரிய வேறுபாடு தெரியாது, மறுநாளைக்கு எடுத்து வைத்தால் சாம்பல் வாடை ஏறி எதற்கும் உதவாது.

சாம்பல் நீளமாக நிற்க வேண்டும் என்பது அறைக்குள் அழகு. வெளியில் அது உங்கள் சட்டையிலோ கண்ணிலோ போய் விழும். அரை அங்குலம் சேர்ந்தால் மெதுவாகத் தட்டிவிடுங்கள், அடியோடு தட்டிக் கங்கை வெறுமையாக்காதீர்கள்; மேலே சிறிது சாம்பல் இருப்பது காற்றுக்கு ஒரு திரை.

எங்கே நிறுத்துவது என்பதற்கு அங்குலக் கணக்கு இல்லை. இடைவெளியை நீட்டிய பிறகும் புகை சூடாகவே வந்தால், ஊதிய பிறகும் கசப்பு போகவில்லையென்றால், அந்தச் சுருட்டு முடிந்தது. துண்டு இலையில் அது பாதிக்குச் சற்றுப் பின்னேயே வரக்கூடும். கொடுத்த காசுக்கு நுனிவரை போக வேண்டும் என்று எண்ணாமல் இருக்க முடிவது விலை குறைந்த சுருட்டின் ஒரு வசதி. அடுத்த முறை வாங்கும்போது நீளம் குறைந்ததாக, பருமன் அதே அளவில் பாருங்கள். ஐந்து அங்குலச் சுருட்டு முக்கால் மணி நேரத்துக்கு மேலும் போகும். வெளியில் அவ்வளவு நேரம் காற்று ஒரே மாதிரி இருக்காது. மெல்லிய சுருட்டு காற்றில் இன்னும் விரைவில் சூடேறும், ஆகவே குட்டையும் பருமனுமே உங்களுக்கு ஏற்றது.

அணைப்பதற்கு நசுக்க வேண்டாம், நசுக்கினால் நெடிதான் எழும். கல்லின் மேலோ மணலிலோ வைத்துவிட்டால் தானே அணையும். ஆனால் அணைந்ததுபோல் தோன்றும் கட்டையின் நடுவில் கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும். காய்ந்த புல்லும் சருகும் உள்ள இடத்தில் எறிவதற்கு அது உகந்த பொருளன்று. மூடியுள்ள சிறிய தகரப்பெட்டி ஒன்றை எடுத்துப் போய், தண்ணீர் விட்டு நனைத்து, அதிலேயே போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள்.